தாமிரபரணியில் மிதவைப்பாசி எண்ணுவது எப்படி? பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை வெயிலில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கு மேலே தேங்கி நிற்கும் தாமிரபரணித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், பல நாள் லேசாகப் பச்சை தட்டும். அடியில் படியாமல், நூலாகத் திரியாமல், தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து நிற்கிற பச்சை. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத பாசிகள் மிதப்பதால் வருகிற நிறம் அது. பாடப் புத்தகத்தில் இவற்றுக்குத் தாவர மிதவை உயிரிகள் என்று பெயர், ஆய்வகத்தில் பைட்டோபிளாங்க்டன் என்போம். இங்கே மிதவைப்பாசி என்றே சொல்கிறேன்.

இவற்றை எண்ணுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. நைட்ரேட், பாஸ்பேட் சோதனைகள் நீங்கள் பாட்டிலை முக்கிய அந்த நிமிடத்துத் தண்ணீரைப் பற்றி மட்டுமே பேசும். இரவில் யாரோ கழிவைத் திறந்துவிட்டுப் போயிருந்தால் மறுநாள் மதியம் அதில் ஒன்றும் தெரியாது. மிதவைப்பாசிகளோ ஒன்றிரண்டு நாளில் பெருகி, சில நாளில் மடிந்து, கடந்த ஒரு வாரம் ஆற்றுக்கு என்ன நடந்தது என்பதைத் தங்கள் எண்ணிக்கையிலும் கூட்டத்திலும் பதிந்து வைக்கின்றன. கல்லூரி புராஜெக்ட் செய்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஊர்ச் சூழல் குழுக்கள் என யாரானாலும், ஒரு நல்ல மைக்ரோஸ்கோப் கிடைத்தால் இந்த வேலையைச் செய்யலாம்.

முதல் படி: ஆற்றைப் படியுங்கள், அப்புறம் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் கலக்கிற ஆறு என்பதால் தலை முதல் வால் வரை ஒரே ஆள் நடந்து பார்க்க முடியும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

ஓடுகிற தண்ணீரில் மிதவைப்பாசிக்கு நேரம் போதாது. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் ஒரு நாளில் 43 கி.மீ. போய்விடும். தடையே இல்லையென்றால் மலையில் புறப்பட்ட தண்ணீர் மூன்று நாளில் கடலில் இருக்கும். நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கிற பாசி மூன்று நாளில் 8 மடங்காகும். அதே பாசி பத்து நாள் ஒரே இடத்தில் தேங்கினால், சாவையும் மேய்ச்சலையும் கழிக்காத கணக்கில், 1,024 மடங்கு! தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மேலே பாபநாசம், சேர்வலாறு அணைகள் வேறு. ‘மனிதத் தாக்கம்’ என்றதும் எல்லோரும் சாக்கடையைத்தான் நினைக்கிறார்கள். என் கணிப்பில், சாக்கடை பாசிக்குச் சோறு போடுகிறது என்றால், அணை அது உட்கார்ந்து சாப்பிட இடம் கொடுக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும்படி உங்கள் இடத்தேர்வு அமைய வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தொல்லைக்கும் மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று ஜோடியாக எடுங்கள். பாபநாசத்தில் கோயில் படித்துறைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. அங்கே பரிகாரமென்று சொல்லித் துணிகளை ஆற்றில் விட்டுப் போகும் வழக்கமும், சோப்பும் எண்ணெயும் கலப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்து சுத்தமல்லி அணைத் தேக்கம். நெல்லை மாநகருக்குள் நுழையுமுன் குறுக்குத்துறை, நகரத்தின் கழிவுநீர் சேர்ந்த பின் வண்ணார்பேட்டைக்குக் கீழே. சிற்றாறு சேரும் சீவலப்பேரிக்கு முன்னும் பின்னும். மருதூர்த் தேக்கம், ஸ்ரீவைகுண்டம் தேக்கம், கடைசியாகக் கழிமுகம். ஒரே நாளில் பத்து இடம் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஆறு இடத்தை ஒழுங்காகப் பார்ப்பது போதும்.

பாபநாசத்து நீரைத் ‘தூய ஒப்பீடு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடவும் கூடாது. அது அணையிலிருந்து திறந்துவிட்ட நீர். அணைக்குள் குளத்துப் பாசியாக வளர்ந்தது அங்கே மிதந்து வரும். உண்மையான மலை ஓடை வேண்டுமென்றால் அணைக்கும் மேலே போக வேண்டும். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது.

எப்போது எடுப்பது? கோடை (மார்ச்–மே), தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம், அதன் பின் ஜனவரி–பிப்ரவரி என்று ஆண்டுக்கு நான்கு முறையாவது எடுங்கள், மாதம் ஒரு முறை என்றால் இன்னும் நல்லது. கார், பிசானப் பருவங்களில் வயலுக்கு உரம் போட்ட நாட்களையும் குறித்து வையுங்கள், வடிகால் வழியே அதுவும் ஆற்றுக்குத்தான் வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற ஒன்று வந்தால் ஆறு கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிடும். அதன் பின் எடுத்த எண்ணிக்கையை வேறு ஆண்டோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

இரண்டாம் படி: கிளம்புமுன் லூகால் கரைசல்

பாசிகளைப் பிடித்த நிலையில் நிறுத்தி வைக்க லூகால் அயோடின் கரைசல் வேண்டும். முதலில் 20 கிராம் பொட்டாசியம் அயோடைடை 200 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். அதற்குப் பிறகே 10 கிராம் அயோடின் போடுங்கள். வெறும் தண்ணீரில் அயோடின் சரியாகக் கரையாது, வரிசை மாறினால் அடியில் கறுப்பாகக் கிடக்கும். கடைசியாக 20 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், வெளிச்சம் படாமல் வையுங்கள். கையுறை கட்டாயம். ஆவியை முகராதீர்கள்.

மற்றபடி பையில் இருக்க வேண்டியவை: 1 லிட்டர் பாட்டில்கள், 20 மைக்ரான் கண்ணுள்ள பிளாங்க்டன் வலை, வெப்பமானி, பி.எச். மீட்டர், கரைந்த ஆக்சிஜன் அளக்கத் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்கள், பென்சில், ஐஸ் பெட்டி. பேனா வேண்டாம், நனைந்தால் மை ஓடிவிடும்.

மூன்றாம் படி: தண்ணீர் எடுப்பது

காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் என்று வைத்துக்கொண்டால் எல்லா முறையும் அதே நேரம். பாசி ஒளிச்சேர்க்கை செய்யச் செய்ய, மதியத்துக்குள் பி.எச்.சும் கரைந்த ஆக்சிஜனும் ஏறும், விடியுமுன் ஆக்சிஜன் குறைந்து கிடக்கும். நேரத்தை மாற்றினால் நீங்கள் ஆற்றை ஒப்பிடவில்லை, சூரியனை ஒப்பிடுகிறீர்கள்.

ஓட்டத்தைப் பார்த்தபடி, அதாவது தண்ணீர் வரும் திசையை நோக்கி நில்லுங்கள். உங்கள் கால் கலக்கிய மண் உங்களுக்குப் பின்னால் போய்விடும். பாட்டிலை அதே இடத்துத் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் கொட்டுங்கள். மூடியைப் போட்டுக்கொண்டே முழங்கை ஆழத்துக்கு இறக்கி, அங்கே திறந்து நிரப்பி, அங்கேயே மூடுங்கள். மேலே மிதக்கும் எண்ணெயும் இலையும் உள்ளே வராது. படித்துறைக் கல்லில் வழுவழுவென்று ஒரு பழுப்புப் படலம் இருக்கும், கால் வைத்தால் வழுக்கும். அந்தப் படலமே டையாட்டம்கள் என்ற ஓடுள்ள நுண்பாசிகள்தான். அதை நீங்கள் மிதித்துக் கிளப்பிவிட்டால் கல்லில் இருந்தவை மிதவைப்பாசிக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று பாட்டில் எடுங்கள், ஒன்றோடு நின்றால் அது தற்செயலா உண்மையா என்று சொல்ல வழியில்லை.

கசம், அதாவது ஆழமான மடு, இருக்கிற இடத்தில் இறங்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். அணையில் தண்ணீர் திறக்கப் போகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

எண்ணுவதற்கான தண்ணீரை வலையில் வடிக்கக் கூடாது. இதைப் பலரும் தவறாகச் செய்கிறார்கள். 20 மைக்ரானுக்குச் சிறிய பாசிகள் வலையின் கண் வழியே நழுவிவிடும், கோடையில் அவைதான் பெரும்பான்மையாகவும் இருக்கும். வலையில் பிடித்தது என்னென்ன இனம் இருக்கிறது என்று பார்க்க, முழு பாட்டில் எத்தனை இருக்கிறது என்று எண்ண.

எண்ணிக்கை பாட்டிலில் கரையிலேயே லிட்டருக்கு 3 மி.லி. லூகால் விடுங்கள். பால் விடாத லைட் டீயின் நிறம் வர வேண்டும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். ‘ஆய்வகத்துக்குப் போய் விட்டுக்கொள்ளலாம்’ என்று நான் ஒரு முறை ஒத்திப்போட்டேன். மே மாதம், பஸ்ஸில் மூன்று மணி நேரம். திறந்து பார்த்தபோது பாதிப் பாசி சிதைந்திருந்தது, அந்த மாதத்துக் கணக்கு முழுக்க வீண். அன்றிலிருந்து லூகால் புட்டி சட்டைப்பையில்தான்.

ஒரு சிறு பாட்டிலில் எதுவும் விடாமல் உயிரோடும் கொண்டு வாருங்கள். லூகால் எல்லாவற்றையும் பழுப்பாக்கிவிடும், நிறம் பார்த்து அடையாளம் காண உயிர்த் தண்ணீர் வேண்டும். யூக்ளினா என்ற நீந்தும் பாசி, ஃபார்மலின் போன்ற பதப்படுத்தும் மருந்து பட்டால் சுருண்டு உருண்டையாகிவிடும், பிறகு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இதை ஐஸ் பெட்டியில் வைத்து அன்று மாலையே பார்த்துவிட வேண்டும்.

கூடவே வெப்பநிலை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன், கலங்கல், நீரோட்ட வேகம். வேகத்துக்குக் கருவி இல்லையென்றால் பத்து மீட்டர் அளந்து ஓர் எலுமிச்சம்பழத்தை விடுங்கள். எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்த்து, மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்கினால் சராசரிக்குக் கிட்டத்தட்ட வரும். நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் மூன்றையும் ஆய்வகத்தில் பாருங்கள். டையாட்டத்தின் ஓடு சிலிகாவால் ஆனது என்பதால் சிலிகேட்டை விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: படியவிட்டு எண்ணுவது

1 லிட்டர் நீரை அளவு ஜாடியில் ஊற்றி, இருட்டில், அசைக்காமல் இரண்டு நாள் விடுங்கள். மெல்லிய குழாயால் மேல்நீரைச் சைஃபன் செய்து 100 மி.லி. மிச்சம் வையுங்கள். அதைச் சின்ன ஜாடியில் மறுபடி படியவிட்டு 20 மி.லி. ஆக்குங்கள். பாசியைப் படியவிட்டு அடியிலிருந்து பார்க்க உதவும் உட்டர்மோல் அறையும் தலைகீழ் மைக்ரோஸ்கோப்பும் இருந்தால் அதுதான் இந்த வேலைக்குச் சிறந்த வழி. எல்லாக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை.

மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி இருந்தால் ஒரு தொல்லை: அதன் செல்களில் காற்றுப்பைகள் உண்டு, படியாமல் மேலேயே மிதக்கும். மேல்நீரைக் கொட்டும்போது அதையும் கொட்டிவிடுவீர்கள். பாட்டிலைக் காற்றில்லாமல் நிரப்பி, கார்க்கை இறுக்கி, கார்க்கின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் உள்ளே திடீரென அழுத்தம் ஏறிக் காற்றுப்பைகள் உடையும். அதன் பின் படியும்.

எண்ணுவதற்கு செட்ஜ்விக்-ராஃப்டர் அறை என்ற பள்ளமுள்ள ஸ்லைடு. 50 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், கொள்ளளவு சரியாக 1 மி.லி. கோடு போட்ட அறையில் 1,000 கட்டங்கள், ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு மி.லி. கவர்ஸ்லிப்பைக் குறுக்கே சாய்த்து வைத்து, திறந்த மூலையில் பிப்பெட்டால் விட்டால் கவர்ஸ்லிப் தானே நகர்ந்து மூடிக்கொள்ளும். குமிழி வந்தால் தயங்காமல் கழுவிவிட்டு மறுபடி நிரப்புங்கள். 15 நிமிடம் படியட்டும். ஆழம் அதிகம் என்பதால் 200 மடங்குக்கு மேல் பெரிதாக்கிப் பார்க்க முடியாது, மிகச் சிறியவற்றுக்குத் தனியாக ஒரு சாதாரண ஸ்லைடு போட்டுப் பாருங்கள்.

கணக்கு எளிது. உதாரணத்துக்கு, 100 கட்டத்தில் 240 செல் எண்ணினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 கட்டம் என்பது 0.1 மி.லி., ஆகவே 1 மி.லி.யில் 2,400. சுருக்கிய நீர் மொத்தம் 20 மி.லி., ஆகவே 48,000. இது முதலில் எடுத்த 1 லிட்டரில் இருந்தது. லிட்டருக்கு 48,000 செல், அதாவது மி.லி.க்கு 48.

எவ்வளவு எண்ணினால் போதும்? 100 எண்ணினால் பிழை இருபக்கமும் ஏறத்தாழ 20 சதவீதம், 400 எண்ணினால் 10 சதவீதம். 400 வரை எண்ணுங்கள். எதை ‘ஒன்று’ என்று கொள்வது என்பதையும் தொடங்குமுன் எழுதி வைத்துவிடுங்கள். நூலாக வளரும் ஆசிலட்டோரியா பாசியை 100 மைக்ரான் நீளத்துக்கு ஓர் அலகு என்று கொள்ளலாம். காலனியை ஒன்றாகவா, செல்செல்லாகவா? எதுவானாலும் கடைசிவரை மாற்றக் கூடாது. உள்ளே பசுங்கணிகம் இல்லாத வெற்று டையாட்டம் ஓடுகளை எண்ணாதீர்கள், அவை செத்தவை.

செல் எண்ணிக்கையோடு நின்றுவிட்டால் சிறியவைதான் எப்போதும் ஜெயிக்கும். 20 மைக்ரான் உருண்டை 5 மைக்ரான் உருண்டையைப் போல் 64 மடங்கு கனஅளவு கொண்டது. முடிந்தால் ஒவ்வோர் இனத்திலும் சில செல்களை அளந்து கனஅளவையும் போடுங்கள். குளோரோபில்-ஏ அளப்பது இன்னொரு வழி: கண்ணாடி இழை வடிதாளில் வடித்து, 90 சதவீத அசிட்டோனில் ஓர் இரவு இருட்டில் ஊறவிட்டு, நிறமாலைமானியில் அளக்க வேண்டும். மொத்த அளவு தெரியும், யார் யார் என்று தெரியாது.

ஐந்தாம் படி: யார் யார் என்று கண்டுபிடிப்பது

தொடக்கத்தில் பேரினம் வரை போனால் போதும். இனம் வரை போகிறேன் என்று ஊகித்து எழுதுவதைவிட பேரினத்தில் நிற்பது நேர்மை. நீலப்பச்சைப் பாசிகளுக்கு டி.வி. தேசிகாச்சாரி 1959இல் எழுதிய பெருநூல் இன்றும் இந்திய ஆய்வகங்களில் புரட்டப்படுகிறது. பெயர்கள் பல மாறிவிட்டதால், இப்போதைய பெயரை ஆல்கேபேஸ் இணையத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் சினடெஸ்மஸைப் பார்க்கிறவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள். நான்கு செல்கள் தோளோடு தோள் ஒட்டிக் கட்டுமரம்போல நிற்கும். பல இனங்களில் ஓரத்துச் செல்களில் மட்டும் கொம்பு நீட்டியிருக்கும். பீடியாஸ்ட்ரம் பல்சக்கரம்போல. டையாட்டங்களில் நாவிகுலா ஒரு சின்னத் தோணி, சைக்ளோடெல்லா வட்ட வில்லை, சினெட்ரா ஊசி. யூக்ளினா உயிரோடு இருந்தால் நெளிந்து நெளிந்து உடம்பை மாற்றிக்கொண்டே போகும், முன்முனையில் ஒரு சிவப்புப் புள்ளி. ஆசிலட்டோரியா நூல் நிஜமாகவே ஆடும். காஸ்மேரியம் போன்ற டெஸ்மிட்கள் நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஜோடி, பெரும்பாலும் சத்துக் குறைந்த மென்னீரை விரும்புபவை. கழிமுகத்தில் காஸினோடிஸ்கஸ் போன்ற கடல் டையாட்டங்கள் தென்பட்டால் உப்புநீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே இனங்கள் கூடுவது ஆறு சுத்தமானதால் அல்ல, கடலும் ஆறும் கலப்பதால்.

ஆறாம் படி: குறியீடுகள், அவற்றின் வலைகள்

இனப் பன்மையை அளக்கும் ஷானன் குறியீட்டைக் கணிக்க, ஒவ்வோர் இனத்தின் பங்கையும் அதன் இயற்கை மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, குறியை மாற்றுங்கள். நான்கு இனமும் 25 சதவீதமாக இருந்தால் 1.39 வரும். அதே நான்கில் ஒன்று 85 சதவீதம், மற்றவை ஐந்து ஐந்து என்றால் 0.59தான். இனங்களின் எண்ணிக்கை மாறவில்லை, ஒன்று மற்றவற்றை அமுக்கியதால் மதிப்பு சரிந்தது.

‘3க்கு மேல் தூய்மை, 1 முதல் 3 வரை நடுத்தரம், 1க்குக் கீழ் கடும் மாசு’ என்ற அட்டவணையை எத்தனையோ ஆய்வேடுகளில் பார்த்திருக்கிறேன். 1968இல் வில்ம், டோரிஸ் இருவரும் அதைச் சொன்னது ஆற்றின் அடியில் வாழும் முதுகெலும்பற்ற விலங்குகளுக்கு, அதுவும் 2ஐ அடியாகக் கொண்ட மடக்கையில். அந்த 3 இயற்கை மடக்கையில் வெறும் 2.08. இதைக் கவனிக்காமல் பாசிக்கு அப்படியே போட்டால் நல்ல ஆற்றையும் மாசடைந்தது என்று எழுதிவிடுவீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்த மடக்கை என்று எழுதுங்கள், உங்கள் இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

சி. மெர்வின் பால்மர் 1969இல் தந்த பேரினக் குறியீடு சாக்கடை மாசுக்கு நேரடியாகப் பேசும். யூக்ளினாவுக்கும் ஆசிலட்டோரியாவுக்கும் 5, கிளமைடோமோனாஸ், சினடெஸ்மஸ் இரண்டுக்கும் 4, குளோரெல்லா, நாவிகுலா, நிட்ஸ்கியா மூன்றுக்கும் 3, ஆங்கிஸ்ட்ரோடெஸ்மஸ், ஃபேகஸ், சினெட்ரா, ஸ்டிஜியோகுளோனியம் நான்குக்கும் 2. குளோஸ்டீரியம், சைக்ளோடெல்லா, கோம்ஃபோனிமா, மெலோசிரா, மைக்ராக்டினியம், பாண்டோரினா, லெபோசிங்க்லிஸ், ஃபார்மிடியம், அன்று அனாசிஸ்டிஸ் என்றழைத்த மைக்ரோசிஸ்டிஸ் ஆகியவற்றுக்கு 1. இருப்பவற்றைக் கூட்டினால் 20 அல்லது அதற்கு மேல் வந்தால் கரிமக் கழிவு மாசு உறுதி, 15 முதல் 19 வரை சந்தேகத்துக்குரியது. ஒரே ஒரு செல்லைப் பார்த்ததும் மதிப்பெண் போடக் கூடாது, மி.லி.க்கு 50ஆவது இருந்தால்தான் கணக்கு. நாவிகுலாவும் நிட்ஸ்கியாவும் சுத்தமான கல்லிலும் வாழும் என்பதால், அவை இரண்டை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஏழாம் படி: சேர்த்துப் படிப்பது

எண்ணிக்கை குறைவு என்றால் சுத்தம் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. அமலைச் செடி (ஆகாயத்தாமரை) போர்வை போர்த்திய தேக்கத்தில் வெளிச்சமே இறங்காது, மிதவைப்பாசி குறையும். மணல் அள்ளிக் கலங்கிய நீரிலும் அப்படியே. அங்கே சத்து நிறைந்து கிடக்கும், ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். மறுபுறம், சுத்தமான மலையோடையில் ஓட்டத்தின் வேகத்தால் மிதவைப்பாசி கொஞ்சமாக, இனங்களும் குறைவாக இருக்கும். சத்து கொஞ்சம் சேர்ந்த நடுப்பகுதியில் பன்மை ஏறும். கடும் மாசில்தான் மறுபடி சரியும். ஆகவே ஷானன் மதிப்பு ஒன்றை வைத்து மலையைவிட நகரம் மேல் என்று சொல்லும் அபத்தத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நான் முதலில் பார்ப்பது ஜோடிகளைத்தான். குறுக்குத்துறைக்கும் வண்ணார்பேட்டைக்குக் கீழுள்ள இடத்துக்கும் நடுவே யூக்ளினா, ஃபேகஸ், ஆசிலட்டோரியா ஏறி, டெஸ்மிட் மறைந்து, பாஸ்பேட் கூடியிருந்தால் அது கழிவுநீரின் கை. பாஸ்பேட் அவ்வளவாக மாறாமல், வேகம் குறைந்த தேக்கத்தில் மட்டும் மொத்த எண்ணிக்கை எகிறினால் அது தேக்கத்தின் கை. இரண்டும் சேர்ந்து, மைக்ரோசிஸ்டிஸ் மேலே பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் படர்ந்தால் உடனே குடிநீர் வாரியத்துக்குச் சொல்லுங்கள், தண்ணீரில் கையும் வைக்காதீர்கள். நெல்லையும் தூத்துக்குடியும் இந்த ஆற்றைக் குடித்துத்தான் வாழ்கின்றன. நச்சுள்ளதா இல்லையா என்று மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். என்ற நச்சுக்கு உலக சுகாதார நிறுவனம் நெடுநாள் குடிநீருக்கு வைத்த வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான், அதை அளக்கத் தனிச் சோதனை வேண்டும்.

எண்ணி முடித்த 20 மி.லி.யைக் கொட்டிவிடாதீர்கள். பழுப்புக் குப்பியில் ஊற்றி, இடம், தேதி, நேரம், சுருக்கிய அளவு நான்கையும் பென்சிலால் எழுதி ஒட்டி, இருட்டு அலமாரியில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள். டீ நிறம் வெளுத்திருந்தால் லூகால் இரண்டு சொட்டு. உங்கள் கணக்கில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்தக் குப்பியைத் திறந்து மறுபடி எண்ணச் சொல்லலாம்.